வெசல் என்றால் கப்பல்

1995-ல் நான் ஆறாம் வகுப்பு. ஆங்கிலப் பாடத்தில் 'வெசல்' என்று ஒரு சொல் வந்தது. "யாருக்காவது அர்த்தம் தெரியுமா?" என்று டீச்சர் கேட்டார். அறுபத்திரண்டு பேர் இருந்த வகுப்பில் ஒரு கையும் எழவில்லை. எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் எனக்கு மட்டும் தெரிந்து மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று வந்தது அதுதான் முதல் தடவை. எழுந்து நின்று சத்தமாக, "கப்பல், மிஸ்!" என்றேன்.

பாடத்தில் ஒரு பெண் கிணற்றடியில் வெசலில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "கப்பல்லயா தண்ணி மொள்றா?" என்றாள். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டு, "பாத்திரம். உட்காரு" என்றார். அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மூன்று வருஷம் ஆங்கில வகுப்பில் நான் கை தூக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "வெசல்னா கப்பல்தாம்மா. டெய்லி அதுலதான ஏறி எறங்கிகினு கீறேன்? ஒங்க டீச்சரை ஆர்பருக்கு இட்டாந்து காட்டட்டா?" என்றார். அம்மா உள்ளேயிருந்து, "படிச்சவங்க சொல்றது தப்பாவா இருக்கும்? நீ சும்மா இரு" என்றாள். நான் அம்மா பக்கம்தான். அப்பா படித்தது ஐந்தாவது. அவருக்குத் தெரிந்தது ஆங்கிலமே இல்லை என்று அன்றைக்கு முடிவு செய்துவிட்டேன். அந்த முடிவிலிருந்து வெளியே வர எனக்குப் பத்து வருஷம் ஆனது.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் லேஷிங் வேலை. கப்பலில் அடுக்கிய கன்டெய்னர்கள் அலையில் சரியாமல் இருக்க இரும்புக் கம்பிகளைக் குறுக்கே போட்டு டர்ன்பக்கிள் என்ற திருகை முறுக்கி இறுக்க வேண்டும். கப்பல் கரைக்கு வந்ததும் அதையெல்லாம் அவிழ்க்க வேண்டும். சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னருக்கென்று தனி முனையம் வந்தது 1983-ல். அதற்கு இரண்டு மூன்று வருஷம் கழித்து அவர் அங்கே சேர்ந்தார். ஹேட்ச், டெக், கேங்வே, பெர்த், டிஸ்சார்ஜ், ட்விஸ்ட் லாக் என்று ஒரு நாளைக்கு ஐம்பது சொல்லாவது வாயில் வரும். அவருக்கு அது ஆர்பர் பாஷை. ஆங்கிலம் என்பது படித்தவர்கள் பேசுவது.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை சைக்கிளில் உட்கார வைத்துக் கூட்டிப்போவார். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் சாலையோரம் வரிசையாக நிற்கும். டிரைவர்கள் லாரிக்கு அடியில் நிழலில் ஸ்டவ் வைத்துச் சமைத்துக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு பெட்டியின் பின்கதவிலும் வெள்ளை எழுத்து. நான் எழுத்துக் கூட்டுவேன்: டி, ஏ, ஆர், ஈ. அப்பா சொல்வார், "டேர். காலி பொட்டி வெயிட்டு." அதற்குப் பக்கத்தில் 2,200 கிலோவுக்கு முன்பின்னாக ஓர் எண் இருக்கும். அதற்கு மேலே மேக்ஸ் கிராஸ், 30,480 கிலோ. "சரக்கோட சேத்து இதுக்கு மேல ஏத்தக் கூடாது. ஏத்தினா கிரேன்காரன் கத்துவான்." அவருக்கு அந்த எழுத்துகளைப் படிக்கத் தெரியாது. கதவில் எந்த இடத்தில் எது இருக்கும் என்று தெரியும். எழுத்து எனக்குத் தெரியும், அர்த்தம் அவருக்குத் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு வாசகர்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஏரியா வடசென்னையில் காலடிப்பேட்டை. யாரோ சாமியின் காலடி பட்ட இடம் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். 1717 முதல் 1720 வரை மதராஸில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களுக்காக உருவாக்கிய குடியிருப்பு அது. காலெட் பேட்டை நம் வாயில் விழுந்து காலடிப்பேட்டை ஆகிவிட்டது. இப்போது மெட்ரோ ஸ்டேஷனிலும் அந்தப் பெயர்தான். ஊர்ப் பெயரிலேயே ஓர் ஆங்கிலேயன் உட்கார்ந்திருக்கிறான். நாங்களோ ஆங்கிலம் எங்கேயோ அடையாறு, அண்ணா நகர் பக்கம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

பாடத்திட்டத்தில் ஆங்கிலம் இரண்டாம் மொழி. எங்கள் தெருவில் அது அந்நிய மொழி. இந்த வித்தியாசம் சின்னதில்லை. இரண்டாம் மொழி என்றால் வகுப்புக்கு வெளியேயும் அது காதில் விழ வேண்டும், யாராவது நம்மிடம் அதில் எதையாவது கேட்க வேண்டும், நாம் பதில் சொல்லியாக வேண்டும். எங்களுக்கு வெளியில் கிடைத்ததெல்லாம் தனித்தனிச் சொற்கள். வாக்கியமாக ஆங்கிலம் கேட்பதென்றால் டிவியில் கிரிக்கெட் வர்ணனை மட்டும். தமிழ், தெலுங்கு, கொஞ்சம் உருது இந்த மூன்றிலேயே மொத்தத் தெருவும் ஓடிவிடும்.

பள்ளியில் நிலைமை நேர்மாறு. வாக்கியங்கள் இருந்தன, அவற்றுக்கு வேலை இல்லை. கைடு வாங்கி, 'என் சிறந்த நண்பன்' பத்தியை மனப்பாடம் செய்து எழுதினோம். வகுப்பில் எல்லோருக்கும் ஒரே நண்பன். எல்லோருடைய நண்பனுக்கும் அப்பா டாக்டர்.

படிக்கத் தெரியாத பிள்ளைகள் ஒவ்வொரு வரிக்கும் கீழே தமிழில் எழுதி வைத்துக்கொள்வார்கள். 'திஸ் இஸ் மை பேக்.' நானும் அப்படித்தான் எழுதினேன். இப்போது என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அதில் எவ்வளவு பெரிய ஓட்டை இருக்கிறது என்பது எனக்கு மெதுவாகத்தான் தெரிந்தது. பை, முதுகு, மூட்டை கட்டு, மூன்றுக்கும் தமிழில் எழுதினால் 'பேக்' தான். 'பேட்' என்று எழுதினால் கிரிக்கெட் மட்டையா, கெட்டதா, பரீட்சைக்குக் கொண்டுபோகும் அட்டையா? நம் எழுத்தில் குறை ஒன்றும் இல்லை. தமிழில் அந்த ஒலி எங்கே எப்படி மாறும் என்று நமக்குப் பிறவியிலேயே தெரியும், அதனால் ஓர் எழுத்து போதும். அந்த எழுத்தை வைத்து ஆங்கிலத்தைப் பிடிக்கப் போனால்தான் வழுக்குகிறது.

இதற்கு நான் இப்போது பிள்ளைகளிடம் செய்வது இதுதான். தொண்டையில் கை வைத்துக்கொண்டு 'பாம்பு' என்று சொல்லச் சொல்வேன். முதலில் வரும் பகரத்துக்கும் கடைசியில் வரும் பகரத்துக்கும் தொண்டையில் அதிர்வு வேறு. அடுத்து 'சாக்கு', 'சங்கு'. சாக்கில் வரும் ககரம் வேறு, சங்கில் வருவது வேறு. பாம்பின் வால், சங்கின் வால் இரண்டையும் எடுத்து முன்னும் பின்னும் வைத்தால் பை. சங்கை எடுத்துவிட்டுச் சாக்கை வைத்தால் முதுகு. வேண்டிய ஒலியெல்லாம் அவர்கள் வாயிலேயே ஏற்கனவே இருக்கிறது என்று தெரிந்ததும் பிள்ளைகள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். கீழே தமிழில் எழுதும் பழக்கம் உடனே போய்விடாது. ஒரு மாதத்தில் குறையும்.

ஒன்பதாவதில் வேறொரு டீச்சர் வந்தார். அவர் செய்த ஒரே ஒரு காரியத்தால்தான் நான் இன்று இதை எழுதுகிறேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கச் சொன்னார். அதில் தினம் மூன்று வரி ஆங்கிலத்தில் எழுத வேண்டும். என்ன வேண்டுமானாலும் எழுதலாம். மார்க் கிடையாது, சிவப்பு மை கிடையாது. ஒரு நாளைக்குப் பத்து நோட்டு மட்டும் வாங்கிப் படிப்பார். என் முறை வாரத்துக்கு ஒரு தடவை வரும். நான் எழுதியதற்குக் கீழே அவர் ஒரு கேள்வி எழுதித் தருவார். அவ்வளவுதான்.

நான் எழுதினேன்: 'மை ஃபாதர் கோ டு வெசல் நைட் ஒன்லி.' பழைய காயத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல வேண்டுமென்றே அந்தச் சொல்லைப் போட்டேன். அவர் எதையும் சுழிக்கவில்லை. கீழே நீல மையில்: 'யுவர் ஃபாதர் கோஸ் டு த வெசல் ஒன்லி அட் நைட்? வாட் டஸ் ஹி டூ தேர்?'

எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. அவர் 'வெசல்' என்று எழுதியிருந்தார். என்ன வெசல், பாத்திரமா என்று கேட்கவில்லை. 'கோ' என்பது 'கோஸ்' ஆனதை நானேதான் கவனித்தேன். அடுத்த வாரம் 'ஹி டைஸ் த கன்டெய்னர்ஸ்' என்று சரியாக எழுதினேன். டை என்றால் கட்டுவதுதானா என்று அகராதியைப் பார்த்தேன். பரீட்சைக்கு இல்லாமல், ஒருவருக்குப் பதில் சொல்வதற்காக நான் அகராதியைப் புரட்டியது அதுவே முதல் முறை.

ஸ்டீபன் கிராஷென் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1980களில் இதை ஒரு வடிகட்டியாக விளக்கினார். பயமும் கூச்சமும் இருந்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். காதில் விழும் மொழி உள்ளே இறங்காது. அவருடைய கொள்கையோடு சண்டை போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த வாதம் பெரிதில்லை; மூன்றாவது பெஞ்சில் மூன்று வருஷம் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான்.

தம்பி கதை வேறு. என்னைத் தமிழ்வழியில் போட்டது தப்பு என்று அம்மா நினைத்து, அவனைக் கடன் வாங்கி ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் சேர்த்தாள். டை, ஷூ, பெல்ட் எல்லாம் உண்டு. தமிழில் பேசினால் இரண்டு ரூபாய் ஃபைன். லீடர் பெயர் எழுதுவான். பள்ளி கொடுத்த ஆங்கிலச் சூழல் அவ்வளவுதான். பாடத்தை ஆசிரியர்கள் தமிழில்தான் விளக்கினார்கள், பரீட்சை ஆங்கிலத்தில். ஃபைனுக்குப் பயந்து தம்பி என்ன செய்தான்? பேசுவதையே விட்டுவிட்டான். எல்.கே.ஜி.யில் வாய் ஓயாத பிள்ளை நான்காவதில் ஊமைக் கோட்டான் மாதிரி உட்கார்ந்திருந்தது. வரலாற்றுப் பதில்களை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பிப்பான். என்னடா அர்த்தம் என்றால் தெரியாது. வீட்டில் கேட்கவும் ஆள் இல்லை; அம்மா அவனை டியூஷனுக்கு அனுப்பினாள், அங்கேயும் அதே ஒப்பிப்பு.

ஆங்கிலவழிப் பள்ளி, தமிழ்வழிப் பள்ளி என்று சண்டை போடுகிறவர்களிடம் எனக்கு ஒரே கேள்விதான். அங்கே உங்கள் பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை வாக்கியம் தானாகப் பேசுகிறது? தம்பிக்கு அது பூஜ்யம். எனக்கு எழுத்திலாவது தினம் மூன்று வரி இருந்தது.

அவனுக்கு ஆங்கிலம் வந்தது பர்மா பஜாரில். பிளஸ் டூ முடித்து ஒரு மொபைல் சர்வீஸ் கடையில் உட்கார்ந்தான். போர்டு ரிப்பேர் வீடியோ எல்லாம் ஆங்கிலத்தில். எந்த ஐ.சி.யை எடுத்து எங்கே ஒட்ட வேண்டும் என்று புரியாவிட்டால் கஸ்டமர் போன் செத்துவிடும். நிறுத்தி நிறுத்தி, திரும்பத் திரும்பக் கேட்டான். வெளிநாட்டுக் கஸ்டமர் வந்தால், "சார், டிஸ்ப்ளே நோ பிராப்ளம், போர்டு ஒன்லி பிராப்ளம், டுமாரோ கம்" என்பான். இலக்கணம் எங்கேயோ கிடக்கும். கஸ்டமர் மறுநாள் வந்துவிடுவார்.

நான் பி.காம். முடித்து 2005-ல் ராஜாஜி சாலைப் பக்கம் ஒரு கஸ்டம்ஸ் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலைக்குப் போனேன். இன்டர்வியூவில் முதலாளி கப்பலில் ஏற்றிய சரக்குக்கான ரசீது, பில் ஆஃப் லேடிங் ஒன்றைக் கையில் கொடுத்து, "இதுல என்ன புரியுது, சொல்லு" என்றார். பார்த்தேன். 'ஓஷன் வெசல்.' அதற்குக் கீழே 'போர்ட் ஆஃப் டிஸ்சார்ஜ்'. வலது பக்கம் 'கிராஸ் வெயிட்'. எனக்கு அழுகை வருவதுபோல் இருந்தது. எது கப்பல், எங்கே சரக்கு இறங்கும், பெட்டி எடை போகச் சரக்கு எடை எவ்வளவு என்று தமிழிலேயே சொன்னேன். அவர், "யாரும்மா சொல்லிக் குடுத்தா?" என்றார். அப்பா என்றேன். "ஆபீஸரா?" என்றார். லேஷிங் என்றேன்.

அதற்காக ஆங்கிலம் சுலபமாக வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். போனில் பேச வேண்டுமென்றால் கை வியர்க்கும். ஒரு வழி கண்டுபிடித்தேன்: டயல் செய்யுமுன் சொல்ல வேண்டியதை மூன்று வரியில் காகிதத்தில் எழுதிக்கொள்வது. எதிராளி என்ன கேட்பார் என்று இரண்டு கேள்வியும் அவற்றுக்குப் பதிலும். ஆறு மாதத்தில் மூன்று வரி ஒரு வரி ஆனது, பிறகு காகிதமே தேவைப்படவில்லை. முதல் முதலாகக் கொழும்புக்குப் போன் போட்ட அன்று நான் அந்த மூன்று வரியையும் மூச்சுவிடாமல் ஒப்பித்து முடித்தேன். அந்தப் பக்கம் ஒரு வினாடி அமைதி. அப்புறம், "நீங்க தமிழா? தமிழிலயே கதைக்கலாமே" என்றது குரல்.

இவ்வளவும் அனுபவித்த நான் என் மகளிடம் என்ன செய்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2019-ல் அவள் ஒன்றாம் வகுப்பு, ஆங்கிலவழி. பக்கத்து வீட்டுப் பிள்ளை படபடவென்று பேசுவதைப் பார்த்து எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. ஃப்ரிட்ஜ் கதவில் ஓர் அட்டை ஒட்டினேன்: வீட்டில் ஆங்கிலத்தில் மட்டும்தான் பேச வேண்டும். அவள் ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தித் திருத்துவேன். ஃபைன் மட்டும்தான் பாக்கி.

மூன்று வாரம் போயிருக்கும். "பாப்பா இப்பல்லாம் இஸ்கோல் கதயே சொல்ல மாட்டேங்குதே, ஏன்?" என்று அப்பா கேட்டார். நான் கண்டுகொள்ளவில்லை. அன்று இரவு குளிப்பாட்டும்போது முழங்காலில் காய்ந்த சிராய்ப்பு. எப்போது என்றேன். முந்தாநாள். ஒரு பையன் தள்ளிவிட்டான். ஏண்டி அம்மாகிட்ட சொல்லல? அவள் அட்டை இருந்த பக்கம் கை காட்டினாள். 'தள்ளிவிட்டான்' என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அட்டையைக் கிழித்தேன். அதற்கு மறுநாளிலிருந்து வீட்டில் நடைமுறை இதுதான். பள்ளியில் நடந்தது முழுவதும் முதலில் தமிழில், மூச்சுவிடாமல். சொல்லி முடித்த பிறகு, அவளுக்குப் பிடித்த ஒரு துண்டை மட்டும் ஆங்கிலத்தில். தப்பாகச் சொன்னால் திருத்த மாட்டேன். அதையே சரியாகத் திருப்பிச் சொல்லி அடுத்த கேள்வி கேட்பேன், அந்த நீல மை டீச்சர் செய்த மாதிரி. "ஹி புஷ் மீ." "ஓ, ஹி புஷ்டு யூ? வேர்?" இரவு பத்து நிமிஷம் தாத்தாவுக்கு ஒரு கதை படித்துக் காட்ட வேண்டும். அல்லிக்குளம் பழைய புத்தகக் கடைகளில் படக்கதைப் புத்தகங்கள் மலிவாகக் கிடைக்கும். அவள் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் படிப்பாள், அப்பா, "இன்னா சொல்றான் அவன்?" என்பார், அவள் தமிழில் சொல்ல வேண்டும். அவருக்கு ஆங்கிலம் தெரியாதது இங்கே வசதி. தெரிந்த ஆள் என்றால் அவள் விளக்க வேண்டிய அவசியமே இருக்காது.

எங்களுக்கு ஆங்கிலம் தெரியாது, நாங்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்கிற அப்பா அம்மாக்களிடம் இதைத்தான் சொல்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து, அப்புறம் என்ன ஆச்சு என்று கேளுங்கள். போனை ஓரமாக வைத்துவிட்டுக் கேளுங்கள்.

இந்தக் கேட்கிற இடம் எங்கள் பக்கத்து வீடுகளில் சுலபமில்லை. கொரோனாவில் பள்ளிகள் மூடியிருந்து, 2021 அக்டோபரில் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது நான் தன்னார்வலராகச் சேர்ந்தேன். மகள் பிறந்தபோதே அலுவலகத்தை விட்டிருந்தேன். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை, மாலையில் வகுப்பு. எங்கள் மொட்டை மாடியில் பதினேழு பிள்ளைகள். வீட்டில் வாய்விட்டுப் படியுங்கள் என்று முதல் வாரம் சொன்னேன். யாரும் படிக்கவில்லை. பிறகு வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன். ஒரே அறை. நைட் ஷிஃப்ட் முடித்து அப்பா தூங்குகிறார். இன்னொரு வீட்டில் டிவி, பாட்டிக்குக் காது கேட்காததால் முழுச் சத்தம். தண்ணி லாரி வந்தால் குடத்தோடு ஓட வேண்டும். வாய்விட்டுப் படிக்க ஓர் இடமே இல்லாத பிள்ளையைச் சோம்பேறி என்று பள்ளியில் சொல்லியிருப்பார்கள். அதனால் வாசிப்பை முழுக்க மாடிக்கே கொண்டுவந்துவிட்டேன்: மூலைக்கு இருவர், ஒருவர் படிக்க ஒருவர் கேட்க. கத்தலாம்.

தெருவும் ஒரு சூழல்தான், வீடு, பள்ளி இரண்டையும்விடக் கறாரான சூழல். ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் பேசினால், "இன்னா, பீட்டர் வுட்றியா?" என்று கலாய்த்துவிடுவார்கள். மாடியில் அதற்கு ஒரு சட்டம் போட்டேன். சிரித்தவர் யாரோ, அடுத்த வாக்கியம் அவருடையது. முதல் நாள் ஏழு பேர் மாட்டினார்கள். இரண்டாம் வாரம் யாரும் சிரிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். சிரித்துவிட்டுத் தாங்களே எழுந்து நிற்க ஆரம்பித்தார்கள்.

நான் செய்ததில் எனக்கே பிடித்தது சொல் வேட்டை. ஒவ்வொரு பிள்ளையும் அப்பா அம்மா வேலையில் புழங்கும் பத்து ஆங்கிலச் சொற்களை வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். ஆட்டோக்காரர் மகள் பர்மிட், எஃப்.சி., மீட்டர், இன்சூரன்ஸ் என்று கொண்டுவந்தாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கும் அம்மாவின் மகன் காலர், கஃப், பிளாக்கெட், ஓவர்லாக், செக்கிங். ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கும் அம்மாவின் மகள் வார்டு, ஓ.பி., டிரிப்ஸ், டிஸ்சார்ஜ். மெக்கானிக் மகனுக்குப் பத்து போதவில்லை, இருபத்தாறு எழுதியிருந்தான். பிறகு அந்தச் சொல்லை வைத்துத் தங்கள் வீட்டைப் பற்றி ஒரு வாக்கியம். கைடில் இருக்கும் டாக்டர் அப்பா அதில் வரவே முடியாது. பல வீடுகளில் பிள்ளை வந்து வேலையைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவையாம். ஓர் அம்மா என்னிடம் வந்து, "என்கிட்ட இங்கிலீசு கேக்குது அக்கா, எனக்குச் சிரிப்பா வந்துச்சு" என்றாள்.

தோற்ற கதையும் உண்டு. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன், ஆங்கிலவழிப் பிரிவு. அரசுப் பள்ளிகளிலும் 2012-13 வாக்கில் அந்தப் பிரிவுகள் வந்துவிட்டன. அவனுக்கு ஆங்கிலம் மட்டுமில்லை, தமிழும் படிக்க வரவில்லை. எழுத்தைப் பார்த்தால் ஒலி வரும் என்கிற சங்கதியே அவனுக்கு எந்த மொழியிலும் பிடிபடவில்லை. அதைத் தெரிந்த மொழியில்தான் முதலில் பிடிக்க முடியும் என்று ஆங்கிலத்தை ஓரம் கட்டிவிட்டு இரண்டு மாதம் தமிழ் எழுத்து, தெருப்பலகை, பஸ் போர்டு என்று போனோம். அவன் அம்மாவுக்குக் கோபம். "இங்கிலீஷ் சொல்லித் தருவீங்கன்னு அனுப்புனா, அ ஆ எழுத வெச்சிருக்கீங்க?" நிறுத்திவிட்டாள். நான் அவளுக்கு முன்கூட்டியே விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். என் தப்பு. இப்போது முதல் நாளே பெற்றோரை உட்கார வைத்துச் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் திட்ட வகுப்பு இப்போது எங்கள் தெருவில் இல்லை. சனி, ஞாயிறு மட்டும் மாடியில் தொடர்கிறது. போன மாதம் பலகையில் 'வெசல்' என்று எழுதிவிட்டு அர்த்தம் கேட்டேன். பழைய கணக்கைத் தீர்க்கத்தான். ஒருத்தி, "பாத்திரம் அக்கா, வெசல் கழுவறது" என்றாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர் மகன், "லூசு, கப்பல்" என்றான். இருவரும் எழுந்து நின்று சண்டை. ஏழாவது படிக்கும் என் மகள் எழுந்து, "ரெண்டும் இல்ல. ரத்தக் குழாய். சயின்ஸ்ல பிளட் வெசல்னு இருக்கு" என்றாள். மூன்றையும் பலகையில் எழுதினேன்.

தண்ணீர்த் தொட்டி நிழலில் ஈசிசேரில் அப்பா படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "ரத்தத்துலயும் வெசல் ஓடுதா? அங்க லேஷிங் யாரு பண்றா?"